இரைப்பை லிம்போமா: குரோமோசோம் கோளாறை எதில் தேடுவது, எப்போது தேடுவது?

எண்டோஸ்கோப்பியில் எடுத்த சதைத் துணுக்குகளின் அறிக்கை வந்துவிட்டது. முதல் வரியில் மால்ட் லிம்போமா, அதாவது இரைப்பைச் சுவரில் உருவாகும் நிணநீர்த் திசுவிலிருந்து மெதுவாக வளரும் புற்றுநோய். அடுத்த வரியில் எச். பைலோரி கிருமி இருக்கிறது என்ற தகவல். கடைசியில், யாரும் உட்கார்ந்து விளக்கிச் சொல்லாத இன்னொரு வரி: டி(11;18) என்ற குரோமோசோம் கோளாறு இருக்கிறதா என்று பரிசோதனை செய்து பார்க்கவும்.

இந்தக் கடைசி வரியில் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. அந்தக் கோளாறைத் தேட ஐந்தாறு வழிகள் உண்டு, அவற்றில் எது? அதை இப்போதே பார்ப்பதா, கிருமிக்கான மருந்தைக் கொடுத்துக் காத்திருந்து பார்ப்பதா?

என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானோருக்கு, ஏற்கெனவே எடுத்த துணுக்கை மெழுகில் புதைத்து வைத்த பாராஃபின் கட்டையிலிருந்து செய்யும் ஃபிஷ் பரிசோதனை (ஒளிரும் டிஎன்ஏ துண்டுகளால் மரபணுவைத் தேடும் முறை) போதும். அதைத் தொடக்கத்திலேயே கேட்டுவிடலாம். ஆனால் அதன் முடிவுக்காகக் கிருமிக்கான மருந்தை ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டியதில்லை. இதற்கு விதிவிலக்குகளும் இருக்கின்றன.

தேடுவது எதை?

ஆரோக்கியமான இரைப்பையில் நிணநீர்த் திசு என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடையாது. எச். பைலோரி குடியேறி, ஆண்டுக்கணக்கில் அழற்சியைக் கிளறிக்கொண்டே இருக்கும்போதுதான் அது அங்கே உருவாகிறது. அதிலிருந்து வெகுசிலரிடம் லிம்போமா கிளம்புகிறது. இந்த வகையை 1983-ல் ஐசக்சனும் ரைட்டும் தனி நோயாக அடையாளம் கண்டார்கள். 1991-ல் வதர்ஸ்பூன் குழு, இந்த நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் எச். பைலோரி இருப்பதைக் காட்டியது. 1993-ல் அதே குழு, ஆன்டிபயாட்டிக் கொடுத்துக் கிருமியை ஒழித்ததும் ஆறு பேரில் ஐந்து பேருக்கு லிம்போமாவே மறைந்துபோனதைப் பதிவு செய்தது. புற்றுநோய் என்று பெயர் கொண்ட ஒன்று, ஓரிரு வார மாத்திரைக்குப் பணிந்து போகிறது! 2010-ல் 32 ஆய்வுகளிலிருந்து 1,408 நோயாளிகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இது உறுதியானது: 77.5 சதவீதத்தினரிடம் கிருமி ஒழிந்த பின் நோய் முழுமையாக மறைந்திருந்தது.

மறையாத மீதிப் பேரைப் பற்றிக் கேட்கும்போதுதான் குரோமோசோம் பேச்சு வருகிறது.

11-ஆம் குரோமோசோமின் நீளக் கையும் 18-ஆம் குரோமோசோமின் நீளக் கையும் முறிந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்வதுதான் டி(11;18). முறிவின் இரு பக்கமும் இருக்கும் மரபணுக்களை 1999-ல் கண்டுபிடித்தார்கள். 11-ல் இருப்பது பிஐஆர்சி3. பழைய அறிக்கைகளில் ஏபிஐ2 என்று இருக்கும், இரண்டும் ஒன்றே. 18-ல் இருப்பது மால்ட்1. இரண்டும் ஒட்டிப் பிறக்கும் கலப்புப் புரதம், என்எஃப் கப்பா-பி என்ற வளர்ச்சிப் பாதையின் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. சாதாரண மால்ட் லிம்போமா செல்லுக்கு வளர்வதற்குக் கிருமியின் தூண்டுதல் வேண்டும். இந்தக் கலப்பு உண்டான செல்லோ கிருமி கூப்பிடாமலேயே வளர்கிறது. கிருமியை விரட்டினாலும் அதற்குத் தெரியாது.

இரைப்பை மால்ட் லிம்போமாக்களில் ஏறத்தாழ 15 முதல் 25 சதவீதத்தில் இது காணப்படுகிறது. நோய் சுவரின் ஆழத்துக்கோ நிணநீர் முடிச்சுகளுக்கோ பரவியவர்களிடமும், எச். பைலோரியே இல்லாதவர்களிடமும் பங்கு இன்னும் கூடும்.

சிகிச்சை முடிவில் இது எவ்வளவு கனமானது என்பதை 2002-ல் வெளியான ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டியது. எச். பைலோரி இருந்து, கிருமி ஒழிப்பு மருந்து பெற்ற 111 பேரை எடுத்துக்கொண்டார்கள். நோய் முழுதும் மறைந்த 48 பேரில் 2 பேருக்குத்தான் டி(11;18) இருந்தது; அந்த இருவருக்கும்கூடக் கிருமி திரும்ப வராமலேயே லிம்போமா மட்டும் திரும்பி வந்தது. மருந்துக்கு அசையாத 63 பேரில் 42 பேருக்கு இருந்தது.

அந்த எண்களைத் தலைகீழாகவும் படித்துப் பார்க்க வேண்டும்; பலர் இதைச் செய்வதில்லை. அசையாத 63 பேரில் 21 பேருக்கு இடமாற்றம் இல்லை. ஆகவே "இருக்கிறது" என்ற முடிவு ஏறத்தாழ ஒரு தீர்ப்பு. "இல்லை" என்ற முடிவு வெறும் நம்பிக்கை மட்டுமே. ஒரே பரிசோதனையின் இரண்டு பதில்களுக்கும் ஒரே எடை கிடையாது.

மற்ற கோளாறுகளை விரைவாகக் கடந்துவிடலாம். டி(1;14) என்பது பிசிஎல்10 மரபணுவைத் தொடுவது; இரைப்பையில் மிக அரிது, இருந்தால் அதுவும் கிருமி ஒழிப்புக்குப் பணியாது. ஐஜிஎச் மரபணுவோடு மால்ட்1 சேரும் டி(14;18) கண்ணைச் சுற்றிய திசுக்களிலும் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் கல்லீரலிலும் வருவது; இரைப்பையில் அரிதினும் அரிது. ஃபாக்ஸ்பி1 மரபணுவைத் தொடும் டி(3;14)-ம் அப்படியே. 3-ஆம் குரோமோசோமோ 18-ஆம் குரோமோசோமோ இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பது அவ்வப்போது தென்படும், பெரும்பாலும் டி(11;18) இல்லாதவர்களிடம். ஆனால் அதை வைத்து இன்று யாரும் சிகிச்சையை மாற்றுவதில்லை.

கேரியோடைப்: பெயர் பெரியது, இங்கே பயன் சிறியது

குரோமோசோம் என்றதும் எல்லோர் நினைவிலும் வருவது கேரியோடைப்தான். 46 குரோமோசோம்களையும் இணை இணையாக அடுக்கிய அந்தப் படம். ரத்தப் புற்றுநோயில் அதன் மதிப்பை யாரும் மறுக்க முடியாது. எதைத் தேடுகிறோம் என்று முன்கூட்டியே தெரியாவிட்டாலும், இருப்பதை எல்லாம் காட்டிவிடும்.

இரைப்பை லிம்போமாவில் அது இடறும் இடங்கள் மூன்று. முதலாவது, அதற்கு உயிருள்ள செல்கள் வேண்டும். எண்டோஸ்கோப்பி அறையில் எடுத்த துணுக்கு அந்த நிமிடமே ஃபார்மலினில் விழுகிறது. செல்கள் அங்கேயே முடிந்தன. இரண்டாவது, புதிய திசுவாகவே அனுப்பினாலும், செல் பிரியும் தருணத்தில்தான் குரோமோசோம்கள் திரண்டு கண்ணுக்குத் தெரியும். மால்ட் லிம்போமா சோம்பேறி நோய். அதன் செல்கள் மெதுவாகவே பிரிகின்றன, வளர்ப்பு ஊடகத்தில் இன்னும் தயங்குகின்றன. மூன்றாவது, கேரியோடைப் பட்டைகளை மட்டுமே பார்க்கும், மரபணுவைப் பார்க்காது. 18-ஆம் குரோமோசோமின் ஒரே பட்டையில் மால்ட்1-ம் பிசிஎல்2 என்ற வேறொரு மரபணுவும் பக்கத்து வீட்டுக்காரர்கள். மால்ட் லிம்போமாவில் வரும் அரிய டி(14;18)-ம், ஃபாலிக்குலர் லிம்போமா என்ற வேறொரு வகையின் புகழ்பெற்ற டி(14;18)-ம் கேரியோடைப்பில் இரட்டைப் பிள்ளைகள்போல இருக்கும். முறிந்த மரபணு வேறு, நோயும் வேறு.

ஆகவே இரைப்பைத் துணுக்குக்குக் கேரியோடைப் வேண்டும் என்று தனியாக இன்னொரு எண்டோஸ்கோப்பிக்குப் போக வேண்டாம் என்பதே என் கருத்து.

பிசிஎல்10 சாயம்: மலிவான சல்லடை

இது குரோமோசோமை நேரடியாகப் பார்ப்பதில்லை. திசுவில் பிசிஎல்10 புரதம் எங்கே நிற்கிறது என்று சாயமேற்றிப் பார்க்கும் முறை. சாதாரணமாக அது செல்லின் சைட்டோபிளாசத்தில் இருக்கும். டி(1;14) இருந்தால் உட்கருவுக்குள் அடர்த்தியாகக் குவியும். டி(11;18) இருந்தாலும் உட்கருவுக்குள் போகும், ஆனால் மிதமாக.

திசுச் சாயமேற்றும் வசதி உள்ள எந்த ஆய்வகத்திலும் செய்யலாம், விரைவில் முடிவு வரும், ஒரு மெல்லிய சீவல் போதும். சிக்கல் என்னவென்றால், எந்த இடமாற்றமும் இல்லாத சிலரிடமும் உட்கருவில் லேசாகச் சாயம் பிடிக்கும். "மிதமாக" என்பதும் பார்ப்பவர் கண்ணைப் பொறுத்து மாறும். ஃபிஷ் வசதியே இல்லாத இடத்தில், யாருடைய கட்டையை வெளி ஆய்வகத்துக்கு அனுப்புவது என்று வடிகட்ட இது உதவும். இதை மட்டும் வைத்து ஒருவரைக் கதிர்வீச்சு சிகிச்சைக்கு அனுப்புவதை நான் ஏற்கமாட்டேன்.

ஃபிஷ்: பெயரில் மட்டும் மீன்

ஒளிரும் சாயம் பூசிய சிறு டிஎன்ஏ துண்டுகளைத் திசுச் சீவலில் ஊற்றினால், அவை தம் இணை மரபணுவைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். இருட்டறையில் ஒளிர் நுண்ணோக்கி வழியே பார்த்தால் உட்கருக்குள் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள். உயிருள்ள செல் வேண்டாம். செல் பிரிந்துகொண்டிருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஃபார்மலினில் பதப்படுத்தி, பாராஃபினில் புதைத்து, அலமாரியில் உறங்கும் கட்டையே போதும். இரைப்பைத் துணுக்குகளுக்கு இது கையுறை போலப் பொருந்துவதற்கு முதல் காரணம் இதுதான்.

ஃபிஷ்ஷில் பயன்படும் அந்த ஒளிரும் துண்டுக்குப் புரோப் என்று பெயர்; அதில் இரண்டு வகை உண்டு. அறிக்கையைப் படிக்கும்போது எது என்று தெரிந்திருப்பது நல்லது.

பிரேக் அபார்ட் வகையில், மால்ட்1 மரபணுவின் ஒரு பக்கத்தில் சிவப்பும் மறுபக்கத்தில் பச்சையும் ஒட்டும். மரபணு முழுதாக இருந்தால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மஞ்சளாகத் தெரியும். ஒரு செல்லுக்கு இரண்டு மஞ்சள். முறிந்திருந்தால் ஒரு மஞ்சள், தனியே ஒரு சிவப்பு, தனியே ஒரு பச்சை. மால்ட்1 முறிந்தது என்று இது சொல்லும்; யாரோடு போய் ஒட்டியது என்று சொல்லாது. நடைமுறையில் இரைப்பையைப் பொறுத்தவரை இது பெரிய குறையில்லை. அங்கே மால்ட்1 முறிந்தால் கூட்டாளி ஏறத்தாழ எப்போதும் பிஐஆர்சி3-தான். கொசுறாக இன்னொன்றும் கிடைக்கிறது: பல செல்களில் மூன்று முழு மஞ்சள் தெரிந்தால், மால்ட்1 கூடுதல் பிரதியாக இருக்கிறது, பெரும்பாலும் 18-ஆம் குரோமோசோமே மூன்றாக இருக்கிறது என்று பொருள். இதை அவசரத்தில் இடமாற்றம் என்று படித்துவிடக் கூடாது.

டூயல் ஃப்யூஷன் வகையில் பிஐஆர்சி3-க்கு ஒரு நிறம், மால்ட்1-க்கு வேறு நிறம். இரண்டும் சேர்ந்தால்தான் மஞ்சள். கூட்டாளியின் பெயரையே சொல்லிவிடும். ஆனால் லிம்போமாவில் செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். ஒன்றன்மேல் ஒன்று படிந்த இரண்டு உட்கருக்களில், ஒன்றின் சிவப்பு மற்றொன்றின் பச்சை மேல் தற்செயலாக விழுந்தாலே பொய் மஞ்சள் பிறக்கும்.

இரண்டுக்கும் பொதுவான தொல்லை ஒன்று உண்டு. சீவலின் தடிமன் 4 அல்லது 5 மைக்ரான். உட்கரு அதைவிடப் பெரியது. ஆகவே பல உட்கருக்கள் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும். சில புள்ளிகள் கத்தியோடு போயிருக்கும். இதனால்தான் ஒரு செல்லைப் பார்த்து யாரும் முடிவு சொல்வதில்லை. நூறு, இருநூறு உட்கருக்களை எண்ணி, நோயற்ற திசுவில் எத்தனை சதவீதம் தற்செயலாக இப்படித் தெரியும் என்று ஆய்வகம் தானே வகுத்த எல்லையோடு ஒப்பிடுகிறார்கள். நல்ல அறிக்கையில் எந்தப் புரோப், எத்தனை உட்கரு எண்ணினார்கள், எல்லை எவ்வளவு என்ற மூன்றும் இருக்கும். எல்லைக்கு மிக அருகில் முடிவு நின்றால் அதை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ளாமல் வேறொரு முறையில் உறுதி செய்யச் சொல்லலாம்.

இந்த முறையில் எனக்குப் பிடித்தது இதன் இன்னொரு குணம். திசுவின் வடிவம் குலையாமல் இருக்கிறது. இரைப்பைத் துணுக்கில் லிம்போமா செல்கள் தனியாக நிற்பதில்லை. அழற்சிச் செல்களும் சுரப்பிகளும் பழைய நிணநீர்க் குமிழ்களும் கலந்து கிடக்கும். ஃபிஷ்ஷில் பேத்தாலஜிஸ்ட் அடையாளமிட்ட இடத்தைத் தேடிப்போய் அங்கேயே எண்ணலாம். திசுவை அரைத்துக் கரைசலாக்கும் முறைகளில் இது முடியாது.

ஆர்டி-பிசிஆரும் என்ஜிஎஸ்ஸும்

டி(11;18) இருந்தால், ஒட்டிய மரபணுவிலிருந்து ஒரு கலப்பு ஆர்என்ஏ பிறக்கும். அதைப் பெருக்கிக் கண்டுபிடிப்பது ஆர்டி-பிசிஆர். கூரிய மூக்கு கொண்ட முறை. மிகச் சில லிம்போமா செல்கள் இருந்தாலும் மோப்பம் பிடிக்கும். மேலே சொன்ன 2002 ஆய்வும் இதைத்தான் பயன்படுத்தியது.

இடைஞ்சல் முறிவு இடத்தில். பிஐஆர்சி3 பெரும்பாலும் ஒரே இடத்தில் முறிகிறது. மால்ட்1 அப்படியல்ல, ஆளுக்கு ஆள் வேறு வேறு இடத்தில் முறிகிறது. எனவே பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சிறு துண்டான பிரைமரில் ஒரே ஒரு இணை போதாது. பலவற்றை வைத்திருக்க வேண்டும். போதாக்குறைக்கு, ஃபார்மலின் ஆர்என்ஏவைத் துண்டு துண்டாக்கி வைத்திருக்கும். நீளமான துண்டைப் பெருக்கப் பார்த்தால் வெறுங்கைதான் மிஞ்சும். "இல்லை" என்று வந்தால், நோயில் இல்லையா அல்லது ஆர்என்ஏவே சிதைந்துவிட்டதா என்ற சந்தேகம் உடனே எழ வேண்டும். கூடவே வேறொரு சாதாரண மரபணுவையும் பெருக்கிக் காட்டியிருந்தால் மட்டுமே அந்த "இல்லை"யை நம்பலாம்.

பல மரபணுக்களின் வரிசையை ஒரே சமயத்தில் படிக்கும் என்ஜிஎஸ் முறையில், ஆர்என்ஏ அடிப்படையிலான பேனல்கள் இந்தக் குறையைப் பெருமளவு போக்குகின்றன. கூட்டாளி யார் என்று முன்பே தெரிய வேண்டியதில்லை. முறிவு எங்கே என்று துல்லியமாகச் சொல்லும். ஒரே ஓட்டத்தில் பல இடமாற்றங்களைத் தேடும். ஆனால் திசு அதிகம் வேண்டும், நாளும் கூடுதலாகும். சில மில்லிமீட்டர் துணுக்கில் பாதி அழற்சி என்றால் அதற்குப் போதிய தீனி இருக்காது. டி(11;18) இருக்கிறதா இல்லையா என்ற ஒற்றைக் கேள்விக்கு இதைக் கொண்டுவருவது எறும்பைப் பிடிக்க வலை வீசுவது. நோய் எந்த வகை என்பதிலேயே குழப்பம் இருந்தால் அப்போது இதன் அருமை தெரியும்.

மைக்ரோஅரே பற்றி ஒரே ஒரு வரி: குரோமோசோம் துண்டு கூடியதையும் குறைந்ததையும் அது காட்டும், துண்டுகள் கூடாமல் குறையாமல் இடம் மாறி உட்கார்ந்ததைக் காட்டாது. இங்கே நமக்கு வேண்டியதோ அந்த இடமாற்றம்தான்.

பிசிஆர் என்று சொல்லப்படும் இன்னொன்றோடு ஆர்டி-பிசிஆரைக் குழப்பிக்கொள்வதையும் அடிக்கடி பார்க்கலாம். பி செல்கள் எல்லாம் ஒரே மூதாதையின் வாரிசுகளா என்று பார்க்கும் குளோனாலிட்டி பரிசோதனை அது. குரோமோசோம் கோளாறுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நோய் நுண்ணோக்கியில் மறைந்த பின்னும் பலரிடம் அது நெடுநாள் "இருக்கிறது" என்றே காட்டும். அதைப் பார்த்து நோய் திரும்பிவிட்டது என்று பதறுவதும், சிகிச்சையை முடுக்கிவிடுவதும் தேவையற்றவை.

இப்போதேயா, பிறகா?

இந்தக் கேள்வியில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

பிறகு பார்ப்போம் என்பவர்களின் வாதம் எளிமையானது. எச். பைலோரி இருப்பவருக்கு டி(11;18) இருந்தாலும் இல்லாவிட்டாலும் முதல் மருந்து ஆன்டிபயாட்டிக்தான். நோய் எந்த நிலையில் இருந்தாலும் கிருமியை ஒழிக்க வேண்டும் என்றே ஐரோப்பிய வழிகாட்டுதல்களும் சொல்கின்றன. நாலில் மூன்று பேருக்கு அதிலேயே நோய் மறைந்துவிடும். அவர்களிடம் இந்தப் பரிசோதனை செய்திருந்தாலும் செய்யாவிட்டாலும் ஒன்றுதான். நோயும் மெதுவாக நகர்வது. காத்திருப்பதால் குடி முழுகிவிடாது.

இப்போதே பார்ப்போம் என்பவர்களின் வாதம் காத்திருப்பின் நீளத்தைப் பற்றியது. கிருமி ஒழிந்த பின் லிம்போமா மறைய மாதங்கள் ஆகும். சிலரிடம் ஓராண்டு, அதற்கு மேலும். இந்தக் காலத்தில் ஒவ்வொரு எண்டோஸ்கோப்பியிலும் "இன்னும் கொஞ்சம் இருக்கிறது" என்று அறிக்கை வரும். டி(11;18) இல்லாதவரிடம் அந்த வரிக்கு "பொறுத்திருப்போம்" என்று பொருள். இருப்பவரிடம் அதே வரிக்குப் பொருள் வேறு: கதிர்வீச்சு சிகிச்சைக்குத் திட்டமிடலாம், இன்னும் ஓராண்டு எதிர்பார்த்துக் கிடப்பதில் பயன் குறைவு. அமெரிக்க வழிகாட்டுதல்கள் ஒரு படி மேலே போய், எச். பைலோரியும் டி(11;18)-ம் இரண்டும் இருந்தால், ஆன்டிபயாட்டிக்கோடு கதிர்வீச்சையும் சேர்த்தே யோசிக்கச் சொல்கின்றன.

எச். பைலோரி இல்லாதவரிடம் இந்த விவாதத்துக்கே இடமில்லை. உடனே பார்க்க வேண்டும். அங்கே அடுத்த அடி எது என்பதையே இந்த முடிவுதான் தீர்மானிக்கிறது. இல்லை என்று வந்தால் ஒரு முறை ஆன்டிபயாட்டிக் கொடுத்துப் பார்க்கலாம். கிருமி கண்ணில் படாத சிலரிடமும் நோய் மறைந்திருக்கிறது. இருக்கிறது என்று வந்தால் நேராகக் கதிர்வீச்சு. ஆனால் "எச். பைலோரி இல்லை" என்ற வரியை ஒருமுறைக்கு இருமுறை சோதித்துக்கொள்ள வேண்டும். அமிலம் குறைக்கும் மாத்திரையோ, வேறு எதற்கோ சாப்பிட்ட ஆன்டிபயாட்டிக்கோ கிருமியை ஒளித்துவைக்கும். ரத்தத்தில் எதிர்ப்புரதத்தையும் பார்த்த பிறகே இல்லை என்று எழுதுவது முறை.

நோய் சளிச்சவ்வையும் அதன் அடுத்த அடுக்கையும் தாண்டி ஆழமாக இறங்கியிருப்பதாக எண்டோஸ்கோப்பி வழி அல்ட்ராசவுண்டில் தெரிந்தாலும், முடிச்சுகள் வீங்கியிருந்தாலும் உடனே பார்ப்பதே சரி. மேலோட்டமான நோய், எச். பைலோரி உறுதி, துணுக்கு மிகச் சிறியது என்றால் மட்டும் கட்டையைப் பத்திரப்படுத்திவிட்டு முதல் மறு எண்டோஸ்கோப்பி வரை பொறுக்கலாம். இதில் சிகிச்சை கெடுவதில்லை; துணுக்கும் மிச்சமாகிறது.

மறையவில்லை என்று சொல்வதற்கு முன் கிருமி உண்மையில் ஒழிந்ததா என்பதை உறுதி செய்ய வேண்டும். மருந்து முடிந்து குறைந்தது ஆறு வாரம் கழித்து, அமிலம் குறைக்கும் மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்திவிட்டு, மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்வார்கள். கிருமி இன்னும் இருந்தால் குற்றம் குரோமோசோமின் மீது இல்லை. இரண்டாம் வரிசை ஆன்டிபயாட்டிக் வேண்டும், அவ்வளவுதான்.

இருக்கிறது என்று வந்துவிட்டால்

பலர் இந்த வரியைப் படித்ததும் இடிந்துபோகிறார்கள். குரோமோசோம் உடைந்திருக்கிறது என்ற சொல்லே அச்சமூட்டுவதுதான். முதலில் ஒன்று: இது பெற்றோரிடமிருந்து வந்ததல்ல, பிள்ளைகளுக்குப் போவதுமல்ல. லிம்போமா செல்களில் மட்டும் பின்னாளில் நேர்ந்த முறிவு.

இரண்டாவது, கேட்டால் வியப்பாக இருக்கும். டி(11;18) உள்ள லிம்போமா, வேகமாக வளரும் பெரிய பி செல் லிம்போமாவாக மாறுவது அரிது. அதில் மற்ற குரோமோசோம் கோளாறுகளும் பொதுவாகக் குறைவு. ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத பிள்ளை, ஆனால் வீட்டைக் கொளுத்தும் பிள்ளை இல்லை.

சிகிச்சைத் தேர்வுகளில், நோய் இரைப்பையோடும் அருகிலுள்ள முடிச்சுகளோடும் நின்றால் கதிர்வீச்சு முதலில் நிற்கிறது. 24 முதல் 30 கிரே (கதிர்வீச்சின் அளவு), மூன்று நான்கு வாரங்களில் பிரித்துக் கொடுப்பார்கள். டி(11;18) இருப்பது அதன் பலனைக் குறைப்பதில்லை. கதிர்வீச்சு ஒத்துவராதவருக்கு பி செல்களைக் குறிவைக்கும் ரிட்டுக்சிமாப் மருந்து. அதுவும் இடமாற்றத்தைப் பொருட்படுத்தாமல் வேலை செய்கிறது. பரவிய நோய்க்கு பெண்டாமுஸ்டைன் என்ற கீமோ மருந்தும் ரிட்டுக்சிமாப்பும் சேர்ந்த முறை நன்றாக நிற்கிறது. குளோராம்புசில் போன்ற வாய்வழிக் கீமோ மாத்திரையைத் தனியாகக் கொடுப்பது மட்டும் டி(11;18) உள்ளவர்களிடம் பெரிதாகப் பலன் தருவதில்லை. அந்த மாத்திரை பேச்சில் வந்தால் இந்தப் பரிசோதனையின் முடிவையும் மேசையில் எடுத்து வையுங்கள்.

பெரிய பி செல் லிம்போமா என்றால் கேள்வியே வேறு

இரைப்பையில் வரும் மற்றொரு முக்கிய வகை இது. இங்கே டி(11;18)-ஐத் தேடுவது பொதுவாக வீண். தேட வேண்டியது 8-ஆம் குரோமோசோமில் உள்ள மிக் மரபணு முறிந்திருக்கிறதா என்று. முறிந்திருந்தால் பிசிஎல்2, பிசிஎல்6 இரண்டையும் பார்ப்பார்கள். மிக்கும் பிசிஎல்2-ம் சேர்ந்து முறிந்திருந்தால் நோய் மூர்க்கமானது; வழக்கமான ஆர்-சாப் என்ற மருந்துக் கூட்டு போதுமா, அதைவிடக் கடுமையான கீமோதெரபி வேண்டுமா என்ற பேச்சு எழும்.

இதற்கும் ஃபிஷ்தான். ஆனால் தாமதத்துக்கு இடமில்லை. மால்ட் லிம்போமாவில் கட்டையை அலமாரியில் வைத்துப் பொறுக்கலாம் என்று சொன்ன நான், இங்கே முதல் வாரத்திலேயே கேட்கச் சொல்வேன். ஆரம்ப நிலையில் எச். பைலோரியோடு வரும் சில பெரிய பி செல் லிம்போமாக்கள்கூட ஆன்டிபயாட்டிக்கால் மட்டுமே மறைந்ததாகப் பதிவுகள் உண்டு. அதை நம்பிக் கீமோவைத் தள்ளிப்போடும் முடிவை அனுபவமுள்ள குழு நெருங்கிக் கண்காணித்தாலொழிய எடுக்கக் கூடாது.

இரைப்பையில் தென்படும் சின்ன செல் லிம்போமா எல்லாம் மால்ட் அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். மேன்டில் செல் லிம்போமாவும் அங்கே வரும். அதன் அடையாளம் டி(11;14). சைக்ளின் டி1 சாயம் ஒன்றே பெரும்பாலும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். சிகிச்சை முற்றிலும் வேறு. மால்ட் என்று எழுதும் முன் இந்தச் சாயம் போட்டார்களா என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

கட்டையைப் பற்றி

எந்த முறையைத் தேர்ந்தாலும் மூலதனம் அந்தச் சிறு துணுக்குதான். ஆய்வகத்தில் கட்டையைக் கருவியில் ஏற்றும் ஒவ்வொரு முறையும், முகப்பைச் சமன் செய்ய முதல் சில சீவல்களைக் கழித்துவிட்டுத்தான் நல்ல சீவல் எடுப்பார்கள். சாயத்துக்கு ஒருமுறை, ஃபிஷ்ஷுக்கு ஒருமுறை, இரண்டாம் கருத்துக்கு இன்னொருமுறை என்று ஏற்றி இறக்கினால், நோய் இருந்த பகுதியே கழிவோடு போய்விடலாம். முதல் தடவையிலேயே சாயமிடாத சீவல்கள் பத்துப் பன்னிரண்டு கூடுதலாக எடுத்து வைக்கச் சொன்னால் இந்த இழப்பைத் தவிர்க்கலாம். திசுவைப் பதப்படுத்தியது சாதாரண ஃபார்மலினிலா, போயின் கரைசலிலா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். போயின் கரைசல் டிஎன்ஏவையும் ஆர்என்ஏவையும் சிதைப்பது. அதில் ஊறிய கட்டையை ஃபிஷ்ஷுக்கோ பிசிஆருக்கோ அனுப்பினால், பெரும்பாலும் "மதிப்பிட இயலவில்லை" என்ற வரிதான் திரும்பி வரும். அதை "இல்லை" என்று படித்துவிடாதீர்கள்.